பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்இ, திரையில் யுஎச்டி: மகளுக்கு வாங்கிய லேப்டாப், ஐந்து மாதம் கழித்து

மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். அதற்காக 2024 ஜூனில் ஒரு லேப்டாப் வாங்கினோம், திருச்சியில் ஒரு பெரிய கடையில், 52,000 ரூபாய். கம்பெனி பெயரும் கடை பெயரும் எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகிற குறைகள் இந்த விலையில் பல பிராண்டிலும் இருக்கின்றன, பெயர் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடும். உள்ளே இருப்பதை மட்டும் சொல்கிறேன்: இன்டெல் கோர் ஐ5 1235யு பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குல ஃபுல் எச்டி திரை, விண்டோஸ் 11. கடையில் இருந்த தம்பி இதை ஒரே மூச்சில் ஒப்பித்தார், நானும் தலையாட்டினேன். இருபது வருடமாகக் கணக்கு எழுதும் வேலை எனக்கு, டேலியும் எக்செல்லும் கை வந்தவை, ஆனால் பெட்டிக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் சொன்ன சொற்களில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. அந்த அர்த்தங்களைத் தெரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட ஐந்து மாதத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

நல்லவேளையாக அந்த வாரம் அக்கா பையன் ஊருக்கு வந்திருந்தான். சென்னையில் லேப்டாப் சர்வீஸ் வேலை பார்க்கிறான். பெட்டியைப் பிரித்து வைத்ததும் மகள் படம் போட்டுப் பார்க்கலாம் என்றாள், அவன் விடவில்லை. "மாமா, மாத்திக்கிறதுக்கு ஏழு நாள் டைம் இருக்குல்ல? உள்ள என்ன குடுத்திருக்கான்னு முதல்ல பாத்துருவோம்" என்றான். இதற்குத் தனியாக எதுவும் இறக்கத் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் இடது ஓரத்தில் சிபியு, மெமரி, டிஸ்க், வைஃபை, ஜிபியு என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்லும்.

ஜிபியு என்பதை அழுத்தினோம், திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் பகுதிக்கு அதுதான் பெயர். "இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸ்" என்று வந்தது. முதலில் கவனித்தது மகள்தான். "அப்பா, பெட்டியில வேற பேரு போட்டிருக்கு." பெட்டியை எடுத்துப் பார்த்தால் ஆமாம், "இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ்" என்று அச்சடித்திருந்தது. கடையின் விலைச் சீட்டிலும் அதே பெயர். மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அக்கா பையன் பதறவே இல்லை, மெமரி என்பதை அழுத்தினான். வலது பக்கம் கீழே சின்ன எழுத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்ட்: 1 ஆஃப் 2" என்று இருந்தது. "அவ்ளோதான் மாமா, இதுதான் விஷயம்" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த லேப்டாப்பில் நான் தெரிந்துகொண்டதிலேயே பெரிய விஷயம் இதுதான். இந்த மாதிரி லேப்டாப்பில் கிராஃபிக்ஸுக்குத் தனி கார்டு கிடையாது, பிராசஸர் சிப்புக்குள்ளேயே ஒரு பகுதியாக அது உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சொந்தமாக மெமரியும் கிடையாது, நம் ராமிலிருந்துதான் கடன் வாங்கி வேலை செய்யும். ராம் ஒரே ஒரு பட்டையாக இருந்தால் பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே ஒரு பாதை. இரண்டு பட்டை போட்டால் இரண்டு பாதை, இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். டிடிஆர்4 3200 ராமில் ஒரு பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி போகும், இரண்டு பாதை என்றால் 51.2. தெருவுக்கு ஒரே குழாய் இருந்து அதில் பிராசஸரும் கிராஃபிக்ஸும் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது. இன்டெல்லே இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது: இரண்டு பாதை இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர், ஒன்றுதான் என்றால் அதே சிப்புக்கு யுஎச்டி என்று பெயர். ஆக சிப் மாறவில்லை, அதற்குள் இருக்கிற 80 எக்ஸிகியூஷன் யூனிட்டும், அதாவது கணக்குப் போடுகிற பகுதிகளும், அப்படியே இருக்கின்றன, தீனிதான் பாதி.

கடைக்கு போன் போட்டேன். "டிரைவர் பிராப்ளம் சார், அப்டேட் போட்டீங்கன்னா சரியாயிடும்" என்றார்கள். டிரைவர் என்பது ஒரு பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருள். போட்டோம், ஒரு மணி நேரம் ஆனது, யுஎச்டி யுஎச்டியாகவே இருந்தது. மறுபடி போன் போட்டபோது இது பழுது இல்லை, அதனால் மாற்றித் தர முடியாது என்றார்கள். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன், அடியில் நட்சத்திரக் குறி போட்டு, டூயல் சேனல் மெமரி இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ வேலை செய்யும் என்று எழுதித்தான் இருந்தது. சட்டப்படி அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தாங்களே ஒரு பட்டை மட்டும் போட்டு விற்கிற மெஷினுக்கு, இரண்டு பட்டை போட்டால் வரும் பெயரைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடிப்பது நியாயமே இல்லை. மகளுக்கு என்று சேர்த்து வைத்த காசைக் கொண்டுபோய் கொடுக்கிற எந்த அப்பாவுக்கும் அந்த நட்சத்திரக் குறி கண்ணில் படாது. இந்த ஒன்றுக்காகவே கம்பெனி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சரி, இன்னொரு பட்டை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு முன்னால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி, ராம் சேர்த்தால் வாரன்டி போய்விடுமா என்று கேட்டேன். சேர்ப்பதால் போகாது, திறக்கும்போது ஏதாவது உடைந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்காமல் திறக்காதீர்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,800 ரூபாய்க்கு கிடைக்கிறது என்று பையன் விசாரித்துச் சொன்னான், திருச்சியில் 2,100. முந்நூறு ரூபாய்க்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம் என்று இங்கேயே வாங்கினோம். லேப்டாப் ராம் சின்ன அளவில் இருக்கும், எஸ்ஓடிம் என்று பெயர். டிடிஆர்4-க்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262, நடுவில் இருக்கிற வெட்டும் வேறு இடத்தில் வரும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அதனால் கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரில் வேகம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு போவது நல்லது. எங்களுடையதில் 3200 என்று இருந்தது.

திறந்தது சாப்பாட்டு மேசை மேல், ஒரு வெள்ளைத் துண்டை விரித்து. பின்பக்கம் பத்து ஸ்க்ரூ. முன்பக்கம் இருப்பவை குட்டை, பின்பக்கம் இருப்பவை நீளம், மாற்றிப் போட்டால் நீளமானது மேல்பக்கத்தைக் குத்திக்கொண்டு வந்துவிடும் என்று அவன் ஒரு காகிதத்தில் லேப்டாப் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டி வைத்தான். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்த, டக் டக் என்று ஒவ்வொரு கொக்கியாக விட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே பார்த்தால் பாதி இடம் காலி. ஒரே ஒரு விசிறி, அதிலிருந்து பிராசஸர் வரை போகிற ஒரு செம்புக் குழாய், கீழ்ப்பாதி முழுக்க கறுப்பாகப் பேட்டரி, நடுவில் ஒரு பட்டை ராம், பக்கத்தில் காலியாக ஒரு ஸ்லாட். காலியான ஸ்லாட்டைக் கண்ணால் பார்த்தபோதுதான் அந்த "1 ஆஃப் 2" எனக்கு முழுசாகப் புரிந்தது. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினான், அது முக்கியம். அப்புறம் புதுப் பட்டையைச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பின்கள் முழுக்க உள்ளே போன பிறகு மெதுவாகக் கீழே அழுத்த, இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன இரும்புக் கொக்கிகள் கிளிக் என்று பிடித்துக்கொண்டன. மொத்தம் இருபது நிமிடம்.

பவர் பட்டனை அழுத்தியதும் அரை நிமிடத்துக்குத் திரை கறுப்பாகவே இருந்தது. போச்சு என்று நினைத்தேன். "புது ராமைப் பாத்ததும் அது ஒருவாட்டி சரிபார்த்துக்கும் மாமா, கைய வைக்காதீங்க" என்றான். வந்தது. மகள் ஓடிவந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். ஜிபியு பெயர் "இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ்". எந்த டிரைவரும் போடவில்லை, எந்த செட்டிங்கையும் தொடவில்லை, ஒரு பட்டையைச் செருகினோம், பெயர் தானாக மாறிவிட்டது. நான் வாங்கிய பொருள் அன்றைக்குத்தான் முழுசாக என் கைக்கு வந்தது.

பெயர் மாறியதோடு நிற்கவில்லை. மகன் விளையாடுகிற ஒரு துப்பாக்கி விளையாட்டில் முதல் நாள் நொடிக்கு 45 ஃபிரேம் (திரையில் மாறுகிற படம்) அளவில் இருந்தது 70-ஐத் தொட்டது, அதே செட்டிங், அதே இடம். மகளுக்கு இதைவிட முக்கியமானது வேறு. முன்பு 8 ஜிபியில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியது போக 7.7 ஜிபிதான் கைக்கு வரும், எதுவும் திறக்காமலே விண்டோஸ் அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், மேலே போன் ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் குரோமையும் திறந்தால் மவுஸ் அம்பே தடுமாறும். இப்போது 16 ஜிபியில் அந்தப் பேச்சே இல்லை.

பிராசஸருக்கு வருவோம். "டென் கோர் சார்" என்று கடையில் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் பத்தும் ஒரே மாதிரி இல்லை. 1235யு-வில் பெரிய கோர் இரண்டு, சின்ன கோர் எட்டு. கல்யாண சமையலில் இரண்டு மாஸ்டரும் எட்டு கையாளும் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், வெங்காயம் நறுக்குவது, இலை போடுவது எல்லாம் அந்த எட்டுப் பேர், பதம் பார்க்க வேண்டியதை மாஸ்டர் பார்ப்பார். விளம்பரத்தில் வருகிற 4.4 கிகாஹெர்ட்ஸ் என்பது பெரிய கோருக்கான உச்ச வேகம், சின்னதுக்கு 3.3 வரைதான். கடைசியில் இருக்கிற யு என்ற எழுத்துதான் என் கணக்கில் ஐ5 என்பதைவிட முக்கியம். யு என்றால் 15 வாட்டை அடிப்படையாக வைத்துச் செய்தது, எச் என்று முடிந்தால் 45 வாட். யு வகையும் தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை இழுக்கும், ஆனால் சூடு ஏற ஏறக் கீழே இறங்கிவிடும். பள்ளி ஆண்டுவிழா வீடியோ ஒன்றைச் சின்னதாக்கக் கொடுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் 4-ஐ ஒட்டி நின்றது, அரை நிமிடத்தில் விசிறி சத்தம் ஏறியது, வேகம் 2.6-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஒற்றைக் குழாயும் ஒற்றை விசிறியும் அதற்கு மேல் சூட்டை வெளியே தள்ளாது, உள்ளே திறந்து பார்த்திருந்ததால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எழுதுவது, படிப்பது, கோட் அடிப்பது எல்லாம் விட்டு விட்டு நடக்கிற வேலை, அதற்கு இது தாராளம். மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்கிறவர்கள் யு பக்கமே வர வேண்டாம்.

இன்னொன்று, இது எங்கள் மெஷின் இல்லை, மகளின் தோழி வாங்கியது. எங்கள் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணும் தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள், அதில் இருப்பது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யு பிராசஸர். 7 என்று ஆரம்பிப்பதால் புதுசு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஏஎம்டி அந்த வரிசைக்கு எண் வைத்த முறையில் முதல் இலக்கம் எந்த ஆண்டு வரிசை என்பதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கிற கோரின் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2, அந்த வடிவமைப்பு 2019-இல் வந்தது. 7530 என்றால் ஜென் 3, 7540 என்றால் ஜென் 4. அவள் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிம் என்று இல்லை, "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தது. போர்டிலேயே பற்றவைத்த ராம். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதே விலையில் கொஞ்சம் விசாரித்து வாங்கியிருக்கலாம். கல்லூரிப் படிப்புக்கு அது போதாது என்று சொல்லவில்லை, நான்கு கோர் எட்டு த்ரெட் இருக்கிறது, பைத்தானும் பாடங்களும் நன்றாகவே ஓடும். ஆனால் கடையில் நிற்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

எஸ்எஸ்டி பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. 512 ஜிபி என்று போட்டுவிட்டு விண்டோஸில் 476 என்று காட்டுகிறதே என்று நானும் முதலில் கணக்குப் பார்த்தேன். கம்பெனிக்கு 1 ஜிபி என்றால் நூறு கோடி பைட், விண்டோஸுக்கு 1,07,37,41,824 பைட். வகுத்துப் பார்த்தால் 476 சரியாக வருகிறது, இதில் ஏமாற்று எதுவும் இல்லை. என்விஎம்இ வகை, படிக்கிற வேகம் நொடிக்கு 3,300 எம்பி வரை வந்தது. பழைய சாட்டா வகை என்றால் 550-ஐத் தாண்டாது. எழுதும்போதுதான் சிக்கனம் தெரிகிறது. 40 ஜிபி குடும்பப் படங்களை ஒரே மூச்சில் நகலெடுத்தபோது, முதலில் பறந்துவிட்டுப் பாதி வழியில் சைக்கிள் வேகத்துக்கு வந்துவிட்டது. விலை குறைந்த எஸ்எஸ்டியில் ஒரு பகுதியை மட்டும் வேகமாக எழுதுகிற தற்காலிக இடமாக வைத்துக்கொள்வார்கள், அது நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வரும். தினசரி வேலையில் இது கண்ணில் படவே படாது.

இதே எஸ்எஸ்டியை வைத்து இன்னொரு காரியமும் செய்யலாம், புதுசு என்று கொடுத்தது புதுசுதானா என்று பார்ப்பது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள். அதில் பவர் ஆன் ஹவர்ஸ், பவர் ஆன் கவுண்ட் என்று இரண்டு எண் வரும், இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை மின்சாரம் ஏறியது என்று. எங்களுடையதில் 4 மணி நேரம், 13 முறை. தொழிற்சாலையில் சோதித்ததும் நாங்கள் பார்த்ததும் சேர்த்து அவ்வளவுதான் இருக்கும். அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தால் அது ஷோரூமில் வைத்திருந்த டெமோ பீஸாகவோ யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கலாம், உடனே கேட்டுவிட வேண்டும்.

வாரன்டியில் ஒரு சின்ன இடி விழுந்தது. பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தால், ஒரு வருட வாரன்டி நாங்கள் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரலிலேயே தொடங்கியிருந்தது. கடைக்குச் சரக்கு வந்த தேதியிலிருந்து கணக்கு வைத்துவிட்டார்கள். பில்லைப் படம் எடுத்து மெயில் அனுப்பினேன், ஐந்தாம் நாள் தேதியைத் திருத்திவிட்டார்கள், மரியாதையாகவும் பதில் போட்டார்கள். பார்க்காமல் விட்டிருந்தால் அந்த இரண்டு மாதம் போயே போயிருக்கும்.

போர்ட்டுகளில் எனக்குப் பெரிய ஏமாற்றம் சி வகை போர்ட். அதன் வடிவத்தைப் பார்த்து, போன் சார்ஜரைச் செருகினால் சார்ஜ் ஏறும், மானிட்டரைச் செருகினால் படம் வரும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. சி என்பது செருகும் வாயின் வடிவம் மட்டும்தான், அதற்குப் பின்னால் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பது வேறு. எங்களுடையது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டும், நொடிக்கு 5 ஜிகாபிட். போர்ட் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை, மாடலின் முழு விவரப் பக்கத்தில்தான் இருந்தது. இடது பக்கம் இருக்கிற சாதாரண யுஎஸ்பி வேகமானது, வலது பக்கம் இருப்பது பழைய 2.0. வெளி ஹார்டு டிஸ்க்கை வலது பக்கம் செருகினால் நொடிக்கு 38 எம்பி, இடது பக்கம் செருகினால் 110, அதே டிஸ்க், அதே கேபிள். நான் இடது பக்கம் ஒரு சின்னப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். எச்டிஎம்ஐ 1.4, டிவியில் மாட்டி ஃபுல் எச்டி பார்க்க எந்தத் தடையும் இல்லை, 4கே என்றால் நொடிக்கு 30 ஃபிரேமோடு நின்றுவிடும். வைஃபை நன்றாக இருக்கிறது, சொல்ல வேறு எதுவும் இல்லை.

திரைதான் உண்மையான குறை. ராம் போதவில்லை என்றால் சேர்க்கலாம், எஸ்எஸ்டி சின்னது என்றால் மாற்றலாம், திரையை என்ன செய்வது? விவரப் பக்கத்தில் 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தது, வாங்கும்போது அதைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரிந்தது எப்படி என்றால், அக்கா பெண் கல்யாணத்தில் என் மனைவி கட்டியிருந்த அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவை. போனில் பார்த்தால் அந்த அரக்கு அப்படியே இருக்கிறது, இந்தத் திரையில் அது செங்கல் நிறத்தில் வெளுத்துக் கிடக்கிறது. மனைவி பார்த்துவிட்டு "இது என் புடவையே இல்ல" என்றாள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்றால், இணையத்தில் நாம் பார்க்கிற படங்கள் எல்லாம் எந்த வண்ண அளவில் செய்யப்படுகின்றனவோ அந்த எஸ்ஆர்ஜிபி-யில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் இந்தத் திரையால் காட்ட முடியும். அடர்ந்த சிவப்பு, அடர்ந்த பச்சை எல்லாம் அதற்கு எட்டாது. 250 நிட்ஸ் வெளிச்சம் அறைக்குள் போதும், காலை பத்து மணிக்கு நம் ஊர் வெயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் நம் முகம்தான் தெரிகிறது. மகள் கோட் அடிப்பதற்கு இது போதும் என்கிறாள், சரி. படம் வரைகிறவர்கள், போட்டோ திருத்துகிறவர்கள், துணிக்கடைக்கு விளம்பரம் செய்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்தாலே நகர்ந்துவிட வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருப்பதை வாங்குங்கள், நான் மறுபடி வாங்குவதாக இருந்தால் முதலில் கேட்பது அதைத்தான், பிராசஸரை அப்புறம்தான் கேட்பேன்.

கீபோர்டு அருமை, மனசார சொல்கிறேன். கீ நன்றாக உள்ளே போய் வருகிறது, தனி நம்பர் பேட் இருப்பதால் கணக்கு வேலைக்கு நானும் அடிக்கடி கடன் வாங்கிக்கொள்கிறேன். விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும், இந்த விமர்சனத்தை இதிலேயேதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். கீக்குக் கீழே விளக்கு இல்லாதது விடுதியில் இருப்பவர்களுக்குக் குறையாக இருக்கும்.

பேட்டரியைப் பற்றி விளம்பரத்தில் 9 மணி நேரம் வரை என்று இருந்தது. மணி நேரத்தை விட்டுவிட்டு வாட் அவர் என்ன என்று பாருங்கள், எங்களுடையது 42. சாதாரணமாகப் படிப்பது, எழுதுவது என்றால் இந்த மெஷின் 8 வாட் அளவில் எடுக்கிறது, வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல், நடப்பிலும் அதுதான் வருகிறது. காலையில் வகுப்புக்குக் கொண்டுபோனால் மதியம் வரை கவலையில்லை. இதிலும் மெஷினே உண்மையைச் சொல்லும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அறிக்கை உருவாகும். செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுசாக ஏற்றினால் நிற்கிற கொள்ளளவு, எத்தனை சைக்கிள் (முழு அளவுக்கு ஏற்றி இறக்கிய கணக்கு) ஆனது, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வாங்கிய அன்று எடுத்ததை மகள் சேமித்து வைத்திருந்தாள்: செய்தபோது 42,000 மில்லிவாட் அவர், முழுசாக ஏற்றினால் நிற்பது 42,310. நேற்று மறுபடி எடுத்தோம்: 40,150, சைக்கிள் 63. ஐந்து மாதத்துக்கு இது நியாயமான தேய்மானம் என்று அக்கா பையன் போனில் சொன்னான். எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி வைத்திருந்தால் இதைவிட வேகமாகத் தேயும் என்பதால், கம்பெனியின் செயலியில் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லும் வசதியை மகள் போட்டு வைத்திருக்கிறாள், தேர்வு நாட்களில் மட்டும் முந்தின இரவு அதை எடுத்துவிட்டு முழுசாக ஏற்றிக்கொள்கிறாள். அடுத்த அறிக்கையை ஜூனில், வாரன்டி முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் எடுக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.